உப்புப் போட்ட ஐஸ்

பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு இழையுருப் பிரிவைப் படிப்பித்துப் படிப்பித்தே என் தொண்டை தேய்ந்தது. ஒரு கலம் இரண்டாகும்போது நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசையாக வந்து நிற்கும்; இரண்டு பக்கமிருந்தும் கதிர் நார்கள் அவற்றை இழுத்துப் பிரிக்கும். இதைக் கரும்பலகையில் கோடு கோடாகக் கீறிக் காட்டுவேன். அப்படிப்பட்ட இந்த எடித் ரீச்சர், தன் கழுத்தில் கலங்கள் கேட்பாரில்லாமல் பிரியத் தொடங்கியபோது, பல்லுவலிக்கு நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். படித்தவளின் லட்சணம் அது.

2007ஆம் ஆண்டு. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போவதே ஒரு தண்டனையாக இருந்த காலம். மடு றோட்டுப் பக்கம் ஓயாமல் செல் விழுந்துகொண்டிருந்தது. ஆமியிடம் பாஸ் எடுத்து, மதவாச்சியில் இறங்கி, கொண்டுபோன சாமான்களை நிலத்தில் கொட்டிக் காட்டி, அங்கால் நின்ற வேறு பஸ் ஏறி, நானும் என் மனுசன் யாகப்பரும் கொழும்புப் பக்கம் மகரகம ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். தமிழ் பேசக்கூடிய டொக்டர் ஒருவர் இருந்தார். நான் விஞ்ஞான ரீச்சர் என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்துப் படம் கீறத் தொடங்கினார். பார்த்தால் நான் வகுப்பில் கீறும் அதே படம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

நான் படிப்பித்த கதிர் நார்களுக்குள்ளே ஒரு குடும்பம் குடியிருப்பதை அவர்தான் சொன்னார். டியூபியூலின் என்பது அந்தப் புரதக் குடும்பத்தின் பெயர். அல்பா, பீற்றா என்று கிளைகள், கிளைக்குள்ளே இன்னும் பல உருப்படிகள். அல்பாவும் பீற்றாவும் சோடி சேர்ந்து, சோடிகள் வரிசையில் நின்று நூலாகும். வேலை முடியக் கலைந்துவிடும். அந்த நூல் இல்லாமல் எந்தக் கலமும் பிரிய முடியாது. புற்றுநோய்க் கலத்துக்குப் பிரிவதைத் தவிர வேறு வேலையே இல்லாதபடியால் அதற்கு அந்த நூல் ஓயாமல் தேவை. அவர் தரப்போகும் ஊசி டியூபியூலினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நூலாக விடாது. இழுக்க நூலில்லாமல் கலம் பாதி வழியில் நின்று செத்துப்போகும்.

ஆனால் என் நரம்புகளுக்குள்ளும் அதே குடும்பத்தின் நூல்தான் ஓடுகிறது என்றும் சொன்னார். முதுகுத்தண்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் நரம்புக்குச் சாப்பாடு போவது அதன் வழியாகத்தான். மருந்துக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. ஆகவே விரல் மரக்கும், தாடை வலிக்கும், வயிறு இறுகும். சில வேளை புற்றுநோய் தந்திரம் செய்யும். மருந்து ஒருவரைப் பிடித்துவிட்டால் அதே குடும்பத்திலிருந்து மருந்துக்கு மசியாத வேறொருவரைக் கொண்டுவந்து நூல் திரிக்கும். எங்கள் சொந்தக்காரரின் குணம் இந்தப் புரதத்துக்கும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் யாகப்பர் அந்தத் தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். நூல் என்றால் அவருக்கு வலைநூல். நான் சுருக்கமாகச் சொன்னேன், மருந்து போகும் இடமெல்லாம் நூலைப் பிரிக்கும், கெட்ட இடத்திலும் பிரிக்கும், நல்ல இடத்திலும் பிரிக்கும் என்று. அவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மருந்தைப் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பள்ளிமுனைச் சேமக்காலையில் கல்லறைக்குக் கல்லறை பூத்துக் கிடக்கும் அதே பட்டிப்பூ. இதை வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே என் மச்சாள் அன்ரோனெற் ஒரு கட்டுப் பிடுங்கி வந்து சட்டியில் போட்டு அவிக்கத் தொடங்கிவிட்டாள். சட்டியோடு தூக்கி வெளியே எறிந்தேன். செத்தவர்களின் தலைமாட்டில் முளைத்ததைக் குடித்துவிட்டா நானும் அங்கே போக வேண்டும் என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொண்டு கொஞ்சக் காலம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

குளிசைகள் வீட்டில், ஊசி மூன்று கிழமைக்கு ஒருமுறை கொழும்பில். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் டொக்டர் சொன்னதெல்லாம் வரிசை தவறாமல் வந்தது. அடுத்த நாளே தாடையில் ஒரு குத்து. பாண் துண்டைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு வயிறு கல்லாகும். பிறகு விரல்கள். சோக்குக் கட்டி கையிலிருந்து விழுந்தது தெரியாமல் வெறும் விரலால் பலகையில் கீறிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரிக்காமல் இருந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சட்டைக் கொளுக்கிகளைக் கொளுவ முடியாமல் போனது. யாகப்பர் தன் தடித்த விரல்களால் தினமும் காலையில் எனக்குக் கொளுவிவிட்டார். முடிந்ததும் என் சுட்டுவிரலைப் பிடித்துப் பெருவிரல் நகத்தால் மெல்ல அழுத்துவார். நோகுதோ என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் முகம் வாடிவிடும்.

எனக்கோ அந்த மரப்பு பிடித்திருந்தது. கழுத்துக் கட்டி புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கி, பிறகு தடவினாலும் பிடிபடாமல் போயிருந்தது. விரலில் உணர்ச்சி இல்லாத ஒவ்வொரு காலையும் மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். இதை யாகப்பருக்குப் பலமுறை சொன்னேன். அவர் தலையாட்டுவார், ஆனால் நம்பமாட்டார். அவருக்கு மரத்த விரல் என்றால் வருத்தம், நொந்த விரல் என்றால் சுகம்.

ஒருமுறை மதவாச்சி வரிசையில் வெயிலுக்குள் நின்று மயங்கி விழுந்தேன். இரத்தத்தைப் பார்த்த கொழும்பு டொக்டர், இந்த நிலையில் இனி இப்படிப் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். மன்னார் ஆஸ்பத்திரியிலேயே ஊசியை ஏற்றலாம், மருந்தை மட்டும் அவர் தருவார், மனுசன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஒழுங்கு செய்தார். அது குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அடுத்த முறை யாகப்பர் தனியாகப் போனபோது மருந்தைக் கொடுத்த சிங்கள நேர்ஸ் சொன்னதில் அவருக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். ஐஸ்.

ஐஸ் என்றால் பள்ளிமுனையில் யாகப்பர்தான். நேவி கடலுக்குப் போகவிடாத நாட்களில் மற்றவர்களின் மீனுக்கு ஐஸ் அடுக்கிக் கொடுப்பதே அவருக்குத் தொழிலாகியிருந்தது. ஐஸ் கட்டியைச் சாக்குக்குள் போட்டு மரக்கட்டையால் அடித்துப் பொடியாக்குவார். ஓர் அடுக்கு ஐஸ், அதன்மேல் ஒரு பிடி கல்லுப்பு, ஓர் அடுக்கு மீன். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும். அவர் அடுக்கிய பாரை மீனைக் கொழும்பில் எடுத்து விரலால் தட்டினால் பலகையில் தட்டிய சத்தம் கேட்கும் என்று முதலாளிமார் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னும் ஒரு பிடி உப்புப் போடுகிற மனுசன் அவர்.

வர வேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வந்ததும் ஏச வேண்டும் என்று வாய் நிறைய வைத்துக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்து, மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தவரின் இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. ஏச்சை விட்டுவிட்டு வாளியைத் தூக்கினேன்.

கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னார். வரும் வழியில் புத்தளத்தில் இறங்கி அலியாரைப் பார்த்திருக்கிறார். அலியார் எருக்கலம்பிட்டிக்காரர், தொண்ணூறில் இயக்கம் உடுத்த துணியோடு விரட்டிவிட்ட முஸ்லிம் சனத்தில் ஒருவர்; அதற்கு முன்னர் இவரோடு மீன் வியாபாரம் செய்தவர். எனக்கு மருந்து என்று கேட்டதும் அலியார் பெட்டி நிறையப் புது ஐஸும் ஒரு பை உப்பும் கொடுத்து, இரண்டு பேருமாக இருந்து அடுக்கியிருக்கிறார்கள். மதவாச்சியில் ஆமி பெட்டியைக் கிளறி, ஐஸுக்குள் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கண்டதும் சந்தேகப்பட்டுவிட்டது. சரளைக் கல்லில் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். பெட்டி பக்கத்தில் வெயிலில் கிடந்தது. தன் நிழல் பெட்டியில் விழும்படி இவர் முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரக்கியிருக்கிறார். அசையாதே என்று கத்துவார்கள்; நிற்பார்; வெயில் திரும்பியதும் மறுபடி அரக்குவார். அடுத்த நாள் இங்கிலீஸ் தெரிந்த ஒரு பெரியவன் வந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்த பிறகுதான் விட்டார்கள்.

இவ்வளவையும் ஏதோ கடையில் கொஞ்சம் பிந்திவிட்டது என்பதுபோல் சொன்னவர், பெட்டியைத் திறக்கும்போதுதான் நிமிர்ந்தார்.

"வெறும் ஐஸெண்டா எப்பவோ தண்ணியாப் போயிருக்கும், எடித். உப்பு அள்ளிப் போட்டபடியாத்தான் நிண்டது. மதவாச்சியால வெளிக்கிடேக்க போத்திலை நகத்தால தட்டிப் பார்த்தனான். கல்லு."

போத்தலைக் கையில் வாங்கினேன். அதற்குள் உருகி, சுத்தமான தண்ணீராக, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சின்ன மட்டைப் பெட்டியில் எறும்பு எழுத்தில் இங்கிலீஸில் அச்சடித்திருந்தது, உறையவிடக் கூடாது என்று. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உப்பின்மேலா, சரளைக் கல்லின்மேலா, அலியாரின் நல்ல மனதின்மேலா, யார்மேல் அதைக் கொட்டுவது என்று தெரியவில்லை. அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பு முதலாளி பாரையைத் தட்டிப் பார்க்கும்போதும் இப்படித்தான் நிற்பாராக்கும். நல்லா இருக்கு என்றேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர், இளம் ஆள், என்னோடு இங்கிலீஸில்தான் கதைப்பார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழியில் எங்கேயாவது உறைந்ததா என்று கேட்டார். யாகப்பர் என் பக்கத்தில், முழங்கால்களில் நேர்ஸ் கட்டிவிட்ட வெள்ளைத் துணியோடு நின்றார். கேள்வி விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். ஓம் என்று நான் சொன்னால் டொக்டர் அந்தக் கணமே அதை வாளிக்குள் போடுவார். அந்த முழங்கால்களுக்கு முன்னால். வேறு மருந்தும் இல்லை. அடுத்த தவணை வரைக்கும் கையில் இருப்பது இதுதான். உறைந்தாலும் பாதியாவது பிழைத்திருக்கலாம் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. இல்லை, உறையவில்லை என்றேன். ஏற்றினார்கள்.

அடுத்த நாள் தாடை வலிக்கவில்லை. நாள் பிந்தி வரும் என்று இருந்தேன். வேண்டுமென்றே காய்ந்த பாணை எடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கடித்தேன். வலிக்கு இப்படி ஏங்கியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரவில்லை. வயிறும் ஒழுங்காக இருந்தது. எனக்குப் பசித்தது. அன்ரோனெற் கோபம் தீர்ந்து கொண்டுவந்த நண்டுக் கறியை ஒரு பிடி பிடித்தேன். பார், என்ன மாதிரிச் சாப்பிடுகிறாள் என்று அவள் யாகப்பரிடம் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு வாயும் பயத்தோடு இறங்கியது.

பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. ஒரு காலை, வேறு ஏதோ நினைவாக இருந்தேன், குனிந்து பார்த்தால் சட்டைக் கொளுக்கிகள் எல்லாம் கொளுவப்பட்டிருந்தன. நானே கொளுவியிருந்தேன். அவசரமாகக் கழற்ற நினைத்தேன். அதற்குள் யாகப்பர் உள்ளே வந்துவிட்டார். என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வழக்கம்போல் சுட்டுவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினார்.

"நோகுதோ?"

"ஓம்" என்று வந்துவிட்டது.

அந்த மனுசன் குழந்தை மாதிரி அழுதார். மடுமாதா படத்துக்கு முன்னால் ஒரு பெட்டி மெழுகுதிரியையும் ஒரேயடியாகக் கொளுத்தினார். அன்ரோனெற் மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து, என் விரலைத் தானும் ஒருமுறை நுள்ளிப் பார்த்துவிட்டு, மாதாவே என்று கட்டிப்பிடித்தாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? சந்தோசப்படுகிறவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு தனியாகச் சாவது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை கிணற்றடியில் குளிக்கும்போது இடது காதுக்குக் கீழே சவர்க்காரம் போட்ட கை வழுக்கி ஓரிடத்தில் நின்றது. கடலை அளவில் ஒரு கட்டி. மரத்த விரலாக இருந்திருந்தால் அகப்பட்டிருக்காது. சுகமான விரல் என்னத்தைத் தேடித் தந்தது பாருங்கள். அப்படியே ஈரத்தோடு கல்லில் குந்தினேன். டொக்டர் சொன்ன குடும்பக் கதையைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தேன். நோய் வேறு டியூபியூலினைக் கொண்டுவந்து நூல் திரிக்கிறது, உப்பில் பிழை இல்லை, யாகப்பரில் பிழை இல்லை என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். ஆனால் பாடம் எடுக்கிறவளுக்கே அது பிழை என்று தெரியும். தந்திரம் செய்வது புற்றுநோய்தான். நரம்புக்கு அந்தத் தந்திரம் தெரியாது. உயிருள்ள மருந்து உள்ளே போயிருந்தால் கட்டி வளர்ந்தாலும் தாடை வலித்திருக்கும், விரல் மரத்திருக்கும். எனக்குள் போனது சுத்தமான தண்ணீர்.

கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டேன். சளி, தடிமன் என்று சொன்னேன். அடுத்த தவணை கிட்டே வந்துவிட்டது, நல்ல மருந்து ஒன்று உள்ளே போனால் கட்டி பழையபடி சுருங்கும் என்று கணக்குப் போட்டேன். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவருக்கும் ஒன்றும் தெரிய வராது.

தவணை நாள் வந்தது. விடிந்ததும் யாகப்பர் முற்றத்தில் ரெஜிபோம் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பை இருந்தது. எங்கள் உப்பளத்துக் கல்லுப்பு. அலியார் தந்த புத்தளத்து உப்பு பொடி உப்பு, குளிர் காணாது, இந்த முறை எங்கள் உப்பில் இரண்டு மடங்கு போட்டால் எத்தனை நாள் மறித்து வைத்தாலும் மருந்து அசையாது என்று பையைக் கட்டிக்கொண்டே சொன்னார். விரல் சுகமானதிலிருந்து அவர் குரலே மாறியிருந்தது. இளந்தாரி மாதிரிக் கதைத்தார்.

நான் பேசாமல் இருந்தால் அடுத்த போத்தலும் கல்லாகும். பேசினால் இந்தக் குரல் போய்விடும். குசினி வாசலில் நின்று கழுத்துத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாகப் பயமாக இருந்தது. அதை மறைத்து என்ன, எனக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, உப்புப் போடாதேங்கோ. ஐஸ் மட்டும் காணும்."

அவர் சிரித்தார். வெறும் ஐஸ் என்றால் மதவாச்சிக்கு வர முன்னமே தண்ணீர் என்றார். உருகினால் பரவாயில்லை, வழியில் மாற்றுங்கள், மருந்து குளிர்ந்தால் போதும், கல்லாகக் கூடாது, பெட்டியில் எழுதியிருக்கிறது என்றேன். என்னால் முடிந்தவரை சாதாரணமாகத்தான் சொன்னேன். கறிக்குப் புளி கூடிவிட்டது என்பதுபோல.

பையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப போனமுறை கொண்டுவந்தது?"

அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அது நல்லாக வேலை செய்தது என்றேன்.  அவர் நிலத்தில் குந்தி உப்புப் பையைப் பார்த்தார். தாடை வலிக்காத நாட்களையும், நண்டுக் கறியையும், கொளுக்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார் என்று எனக்கு விளங்கியது. அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

"மருந்து போற இடமெல்லாம் நூலைப் பிரிக்குமெண்டு நீதானே சொன்னனீ" என்றார்.

உடனே பொய் ஒன்றைப் பிடித்தேன். விரல் சுகமாகவில்லை, இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, அவர் சந்தோசப்படட்டும் என்றுதான் நோகிறது என்று அன்றைக்குச் சொன்னேன் என்றேன். கொளுக்கி கண்ணால் பார்த்துப் பழகிவிட்டது என்றேன்.

எழுந்து வந்தார். என் கையைப் பிடித்தார். அதே சுட்டுவிரல். காலை நேரங்களில் பூவைத் தொடுவதுபோல் அழுத்துகிறவர், இன்றைக்குத் தன் பலம் எல்லாவற்றையும் நகத்தில் வைத்து அழுத்தினார். இல்லை என்று சொல்லு என்று அவர் கண் கெஞ்சியது.

"நோகுதோ?"

"இல்லை" என்றேன்.

முகத்தில் ஒரு மயிரிழை கூட அசையவில்லை. வகுப்பில் பழக்கிய முகம் அது. ஆனால் கை என் சொல்லைக் கேட்கவில்லை. நெருப்பில் பட்டதுபோல் அவர் பிடியிலிருந்து தானாக இழுத்துக்கொண்டது.

அவர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் சொன்னேன்.